பிரகாசியின் கையில் இருந்தது

ஆடி மாதத்துக் காற்றில் ஐந்து பேரோடு கடலுக்குப் போன வள்ளம் நாலு நாளாகியும் கரைக்கு வராதபோது, தொம்மையார்துறைப் பெண்கள் ஆறுதல் மாதா சிலை இருக்கிற கல்குகையான கெபியைச் சுற்றி உட்கார்ந்து, அவரவரிடம் இருந்ததையெல்லாம் நேர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். ஒருத்தி தலைமுடியை நேர்ந்தாள், ஒருத்தி தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி என்றாள், ஒருத்தி திருநாள் பத்து நாளும் ஊருக்குக் கஞ்சி ஊற்றுவதாகச் சொன்னாள், ஒருத்தி மூத்த மகளைக் கன்னியர் மடத்துக்கே கொடுத்துவிடுவதாக அழுதாள். பிளவுஸ் தைத்துப் பிழைக்கிற கித்தேரியின் முறை வந்தபோது நேர்வதற்கு நல்லதாக ஒன்றும் மிச்சமில்லை. தங்களிடம் இருப்பதை எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், இல்லாததைக் கொடுத்தால்தான் தாய் திரும்பிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

"எம் புருசன் சிலுவை உசுரோட வந்துட்டா, சாகுற வரைக்கும் உன் திருநாளுக்கு நானே வாத்தியம் வாசிக்கேன் தாயே" என்றாள்.

அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் ரெண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். கித்தேரி கோயிலில் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், கைதட்டினால் பக்கத்தில் நிற்பவளுக்கும் தாளம் தவறிப்போகும். ஊரறிந்த விஷயம் அது.

ஐந்தாம் நாள் காலையில், இன்னொரு ஊர் வள்ளம் கயிறு கட்டி இழுத்துவர, ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். உதடு வெடித்து, உப்புப் பூத்து, பச்சை மீனைத் தின்ற வாயோடு சிலுவை கரையில் முழங்காலிட்டான். மறுவாரமே முடி நேர்ந்தவள் முடி கொடுத்தாள், மெழுகுவர்த்தி எரிந்தது. மகளை நேர்ந்தவள் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்று தவணை கேட்டாள். கித்தேரி பிரகாசியின் வீட்டுக்குப் போனாள்.

பிரகாசியும் கித்தேரியும் ஒரே நாளில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர்கள், ஒரே துணியில் கவுன் தைத்துப் போட்டவர்கள். பிரகாசி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் அங்கன்வாடியில் டீச்சர், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கோயில் ஆர்மோனியத்துக்கு முன்னால். இருபது வருஷமாக அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியதும், ஒரு சவத்தைத் தூக்கியதும், ஒரு மாலை மாற்றியதும் அவள் விரல் படாமல் நடந்ததில்லை.

"நேந்துட்டேன்ட்டி, நீதான் சொல்லித்தரணும்" என்றாள் கித்தேரி.

"நேர முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்று சிரித்தாள் பிரகாசி. சிரித்தாலும் மறுநாள் சாயங்காலமே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாளும் கோபப்படவில்லை. கட்டைகளில் பென்சிலால் எண் போட்டுக் கொடுத்தாள், கித்தேரியின் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள், அவள் தையல் மிஷினின் ஓட்டத்துக்கே பாட்டைப் பழக்கிப் பார்த்தாள். கித்தேரியின் விரல்களோ மூன்றாவது கட்டையைத் தேடிப்போய் ஐந்தில் இடித்துக்கொண்டன. மாசித் திருநாள் நெருங்க நெருங்க, நேர்ந்ததைச் செய்யாவிட்டால் கடல் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அவளைப் பிடித்தது. சிலுவை கடலுக்குப் போகச் செருப்பை மாட்டினாலே வாசல்வரை ஓடிவந்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின சாயங்காலம் ஜெபமாலை முடிந்து எல்லாரும் போன பிறகு, கெபிக்கு முன்னால் கித்தேரி தனியாக முட்டி போட்டாள். "பிரகாசி கையில இருக்கதை எனக்குத் தா தாயே" என்றாள். 'பிரகாசி கையில இருக்க மாதிரி' என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த 'மாதிரி' வரவில்லை. வராததைச் சொன்ன கணமே கவனித்தாள். திருத்திச் சொல்லியிருக்கலாம், கெபி அங்கேயேதான் இருந்தது, மாதாவும் எங்கும் போய்விடவில்லை. கித்தேரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்து, புளிச்சாறு வைத்து, புருசனுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் காலை கொடி பாதி மரம் ஏறும்போது பாட்டு வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரகாசி ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் ஒரு கட்டையைத் தொட்டாள், சத்தம் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "இது என்னன்னு தெரியலையே" என்றாள், பயமில்லாமல், குழந்தை கேட்பதுபோல. கொடிக்கயிற்றைப் பிடித்திருந்த கோயில் உபதேசியார் கயிற்றோடு நின்றார். கித்தேரியின் விரல்நுனிகள் அப்போது ஊறல் எடுத்தன. அவள் முன்னால் போய் பிரகாசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும், பிரகாசி கொடுக்கிற அந்தச் சின்னக் குழைவு உட்பட ஒன்றும் விடாமல் வாசித்தாள். கொடி மீதி மரமும் ஏறியது.

தொம்மையார்துறை இதைப் பெரிதுபடுத்தவில்லை. வித்தை கை மாறிவிட்டது என்றார்கள். நண்டு ஓடு மாறுவதில்லையா, மீன்பாடு வடக்கே இருந்து தெற்கே போவதில்லையா, அதுபோல இதுவும் என்றார்கள். ஊர்க் கமிட்டி கூடி, இனி ஆர்மோனியப் பெட்டியும் அதன் சாவியும் சிலுவை வீட்டில் இருக்கட்டும் என்று தீர்மானம் எழுதி, பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நேர்ச்சையின் வல்லமையைப் பற்றிப் பங்குச்சாமி ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்து கித்தேரியின் விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பிளவுஸ் துணியும் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரகாசியை என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அவள் பாடகர் பெஞ்சிலிருந்து எழுந்து பெண்கள் பக்கத்து ஏழாம் வரிசைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதோடு ஊர் அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

கித்தேரி யாரிடமும் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லவில்லை. வாய் தவறியது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்ட நாளெல்லாம் சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள். ஆனாலும் விரல் கட்டையில் படும்போது வருகிற அந்த இன்பம் இருக்கிறதே, முப்பத்தாறு வயது வரைக்கும் ஊர் சிரிக்கப் பாடியவளுக்கு அது முதல் முதலாகக் கிடைத்த இன்பம். அதை விடவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை.

அடுத்த வருஷம், பூசையில் மிராண்டா வாத்தியார் வயலின் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனிதர். சம்சாரம் இறந்த பிறகு வயலினோடுதான் பேசுவார் என்று ஊரில் சொல்வார்கள். அன்று சாயங்காலம் கித்தேரி கெபிக்குப் போனாள். நேர்ச்சையில் 'வாத்தியம்' என்றுதானே சொன்னோம், எந்த வாத்தியம் என்று சொல்லவில்லையே என்று தனக்கொரு நியாயத்தைத் தைத்துக்கொண்டு போனாள். இந்தமுறை வாய் தவறவில்லை. "மிராண்டா வாத்தியார் கையில இருக்கதைத் தா" என்று தெளிவாகச் சொன்னாள். விடிந்தபோது அவள் இடது தாடைக்குக் கீழே, வயலின் அழுத்தி அழுத்தி வருகிற பழுப்புத் தழும்பு இருந்தது. வாத்தியாரின் தாடை பிள்ளைத் தாடைபோல மழுமழுவென்று இருந்ததைக் கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள்.

மூன்றாவதாக, பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற டென்சிலிடமிருந்து. அதற்கு அவளிடம் நியாயம்கூட இல்லை. சப்பரத்துக்கு முன்னால் அவன் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு போனதைப் பார்த்தாள், வேண்டும்போல இருந்தது, கேட்டாள். காலையில் மேலுதட்டில் வட்டத் தடம்.

அதன் பிறகு ஊர் கொஞ்சம் ஜாக்கிரதையாக நடந்துகொண்டது. கித்தேரி தெருவில் வந்தால் தவில்காரர்கள் கையை அக்குளில் வைத்துக்கொண்டார்கள். பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் விரலில் தாய்மார் மைப்பொட்டு வைத்தார்கள். வேறூர் பேண்டுகாரர்கள் தொம்மையார்துறைக்கு வரும்போது வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து, சப்பரம் தொடங்கிய பிறகே அவிழ்த்தார்கள். யாரும் அவளை ஏசவில்லை. கண்டால் சிரித்தார்கள், தைக்கத் துணி கொடுத்தார்கள். திருநாளில்தான் ஒரு சங்கடம் வந்தது. மூன்று வாத்தியமும் ஒரே ஆளிடம் இருந்தன, அந்த ஆளுக்கு இருந்ததோ ரெண்டு கை, ஒரு வாய். முன்பு மூன்றும் சேர்ந்து ஒலித்த மாதா பாட்டை அவள் முதல் கண்ணி ஆர்மோனியத்திலும், அதை மூடிவிட்டு ரெண்டாம் கண்ணி வயலினிலும், அதைக் கீழே வைத்துவிட்டு மூன்றாம் கண்ணி டிரம்பெட்டிலும் வாசித்தாள். நடுநடுவே பெட்டி திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கையில் குறையில்லை. ஆனால் அந்தக் கோயில் அத்தனை பெரியது என்று அதற்கு முன் யாருக்கும் தெரிந்ததில்லை.

அந்தத் திருநாள் முடிந்த வாரம், தையல் மிஷினில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கித்தேரியின் வாசலில் பிரகாசி வந்து நின்றாள். நாலு வருஷத்தில் அவள் அந்த வாசலுக்கு வந்தது அன்றுதான்.

"ஏட்டி, எனக்குக் கொஞ்சம் சொல்லித்தாரியா?" என்று கேட்டாள். "ஆரம்பத்துல இருந்துதான். பிள்ளையளுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டணும், அவ்வளவுதான். முந்தி டீச்சர் வாசிப்பாங்கன்னு பெரிய பிள்ளைய சொல்லி விட்டுருக்கு. தினமும் கேக்குது. தட்டைத் தட்டிப் பாத்தேன், தாளமும் நிக்கல."

கித்தேரி ஆர்மோனியத்தைத் திறந்தாள். பிரகாசி பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். எங்கே வைப்பது என்று கித்தேரியால் சொல்ல முடியவில்லை. அவள் விரலுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. படியேறி வராமலே வீட்டுக்குள் நிற்பவளிடம் வழி கேட்டால் எப்படிச் சொல்லுவாள்? "இப்படி" என்று வாசித்துக் காட்டினாள். "எப்படி?" என்றாள் பிரகாசி. "இப்படித்தான்" என்றாள். மூன்றாவது தடவை "எப்படிட்டி?" என்று பிரகாசி கேட்டபோது, அந்தக் குரலில் கொஞ்சம்கூட சந்தேகம் இல்லாததைக் கேட்டு, கித்தேரி எழுந்து பின்வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

பத்து நாள் கழித்துப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பங்குச்சாமி முழுவதையும் கேட்டார். பிறகு, "எடுத்ததைக் கொடுத்துரு" என்றார்.

"கேட்டுப் பாத்துட்டேன் சாமி. என் கையில இருக்கதை அவளுக்குக் குடுன்னு ஒம்பது நாள் கேட்டேன். மாதா கேக்கல."

"நீ சொன்னதையெல்லாம் கேட்டுட்டு இருக்க, அவங்க என்ன உன் வீட்டு வேலைக்காரியா?" என்றார் சாமி. "மனுசங்ககிட்டப் போய்ச் சொல்லு முதல்ல."

டென்சிலிடம் போனாள். வலைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "போவட்டும் மைனி. ஊதி ஊதி எனக்குக் குடல் இறங்கிரும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப கல்யாண வீட்டுல மத்தவங்க ஊத, நான் உக்காந்து சாப்பிடுதேன்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அதனால் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

மிராண்டா வாத்தியார் கதவைத் திறக்கவில்லை. அவள் வெளியில் நின்று, கதவைப் பார்த்துச் சொன்னாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு உள்ளே தாழ்ப்பாள் ஒன்று விழுந்தது. ஏற்கெனவே விழுந்திருந்த தாழ்ப்பாளுக்கு மேல் இன்னொன்று. அவர் சாகிறவரைக்கும் அந்தக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாமியிடம் அனுமதி கேட்டு, கித்தேரி பீடத்துப் படிக்குக் கீழே நின்று ஊரிடம் சொன்னாள். கெபியில் என்ன சொன்னாள், எந்தச் சொல்லைச் சொல்லவில்லை, ரெண்டாவது முறையும் மூன்றாவது முறையும் தெரிந்தே கேட்டாள் என்பதையெல்லாம் சொன்னாள். கல்லெடுப்பார்கள் என்று நினைத்தாள், குறைந்தபட்சம் பெஞ்சுகளாவது சத்தம் போடும் என்று நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் ஊர்க் கமிட்டித் தலைவர் கர்வாலியோ தொண்டையைச் செருமினார். "எங்களுக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீதான் கேட்டு வாங்கினேன்னு. தாடையில வாத்தியார் தழும்பு, உதட்டுல டென்சில் தடம். கண்ணு தெரியாதவங்களா நாங்க? பாட்டு நல்லா இருந்துச்சு, உன் நேர்ச்சையும் நிறைவேறுச்சு, உன் புருசன் வள்ளத்துல போன மத்த நாலு பேரும் எங்க ஆளுங்க. எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டோம்."

"பிரகாசிக்கு?"

எல்லாரும் ஏழாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரகாசி அங்கேதான் நின்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பக்கவாசல் வழியாக வெளியே போனாள். அவள் போவதற்கு எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கித்தேரி பின்னாலேயே ஓடினாள். அங்கன்வாடியின் முன்னால் போய்ப் பிடித்தாள்.

"பிரகாசி, நில்லுட்டி. என்னை ரெண்டு அடி அடி."

பிரகாசி நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன்" என்றாள். "மொதத் தடவை. 'மாதிரி'ன்னு சொல்ல மறந்துட்டியா, இல்ல சொல்லலையா?"

நாலு வருஷமாகக் கித்தேரி தனக்குச் சொல்லிக்கொண்ட பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் பிரகாசி நம்புவாள் என்றும் தெரிந்தது. ஆறு மாதம் ஒரு தடவைகூடக் கோபப்படாதவள், நம்பத்தான் செய்வாள்.

"சொல்லல" என்றாள் கித்தேரி.

பிரகாசி தலையாட்டினாள். "உனக்கு விரல் படியலன்னு நான் உனக்காகத் தினமும் செபமாலை சொன்னேன், தெரியுமா? எங்கிட்ட இருந்து பாதியை எடுத்து அவளுக்குக் குடுன்னுகூட ஒருநாள் கேட்டேன். பாதி. நீ கேட்டிருந்தா அந்தப் பாதியை நானே தந்திருப்பேன்" என்றாள். பிறகு அங்கன்வாடிக் கதவைத் திறந்து, உள்ளே போய், அடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கித்தேரி எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. ஊர் கெஞ்சியது. நேர்ச்சையை முறித்தால் கடல் சும்மா இருக்காது என்று வள்ளக்காரர்களின் மனைவிகள் வந்து அழுதார்கள். "உனக்காகத்தான நேந்தேன், இப்ப என்ன செய்ய?" என்று புருசனிடம் கேட்டாள். சிலுவை பேச்சு குறைந்தவன். "நான் செத்தா அது என் சாவு. அவளுக்கு நீ செஞ்சதுக்கு என் உசுரைச் சாக்கா வைக்காத" என்றான். அந்த வருஷம் முழுக்க அவன் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் அவள் கரையில் நின்றாள். அவன் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தான். அதுவும் அவளுக்குத் தண்டனையாகவே இருந்தது.

மாசி வந்தது. கொடியேற்றத்தன்று ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாமி சொன்னதால் கித்தேரி அதற்கு முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் திறக்கவில்லை. ஊர் காத்திருந்தது. அப்போது ஏழாம் வரிசையிலிருந்து பிரகாசி எழுந்து வந்தாள். வந்து, ஆர்மோனியத்துக்கு அந்தப் பக்கம், கித்தேரிக்கு நேர் எதிராக, முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தாள். பின்பக்கத் துருத்தியின் கொக்கியைக் கழற்றி, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"காத்து நான் போடுதேன்" என்றாள். "நீ என்னைப் பாத்து வாசி. கீழ பாக்கக்கூடாது."

கித்தேரி அவளைப் பார்த்து வாசித்தாள். பிரகாசிக்குத் தாளம் தெரியாது, ராகம் தெரியாது, ஆனால் காற்றைப் போட அதெல்லாம் வேண்டாம். முதல் கண்ணி போனது. கொடி ஏறிக்கொண்டிருந்தது. ரெண்டாம் கண்ணியின் நடுவில் பிரகாசி கையை நிறுத்தினாள்.

பாட்டு இளைத்து, இழுத்து, அடங்கியது. கொடி பாதி மரத்தில் நின்றது. உபதேசியார் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கித்தேரி கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பிரகாசியும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தில் மன்னிப்பு இருந்ததா என்று முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்குத் தெரியவில்லை. வெயில் கொடிமரப் பீடத்தின் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கியது. பிறகு, தனக்குத் தோன்றிய நேரத்தில், பிரகாசி காற்றைக் கொடுத்தாள்.

இப்போதும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நடக்கிறது. தொம்மையார்துறைப் பிள்ளைகள் கடற்கரையில் விளையாடும்போது அந்தப் பாட்டைப் பாடினால்கூட ரெண்டாம் கண்ணியின் நடுவில் நிறுத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் தொடர்கிறார்கள். வெளியூரிலிருந்து திருநாளுக்கு வருகிறவர்கள் அது ராகத்திலேயே உள்ள இடைவெளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில வருஷம் அது ஒரு மூச்சளவுதான் இருக்கும். சில வருஷம் நின்றவர்களுக்குக் கால் கடுக்கும். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. கித்தேரி கேட்பதுமில்லை. கட்டைமேல் விரலை வைத்தபடி காத்திருப்பாள்.